அனாமத்துக் கணக்கில் புத்தர்

உங்கள் வீட்டு ஷோகேஸை ஒரு நிமிடம் எட்டிப் பாருங்கள். பையன் ஜெயித்த கேரம் கப்புக்கும் கல்யாணத்துக்கு வந்த கடிகாரத்துக்கும் நடுவில், ஒரு குண்டு மனிதர் தொப்பையைக் காட்டிக்கொண்டு சிரிப்பார். இருக்கிறாரா? உங்கள் வீட்டில் இல்லையென்றால் பக்கத்து மளிகைக் கடையில் கல்லாவின் மேல் இருப்பார். அவர் பெயர் என்ன?

‘லாஃபிங் புத்தா’ என்பீர்கள். பர்மா பஜாரில் கேட்டால், ‘குபேர பொம்மை சார், தொப்பையைத் தடவினா காசு வரும்’ என்பார் கடைக்காரர். ஒருவர் புத்தர் என்கிறார். இன்னொருவர் குபேரன் என்கிறார். இரண்டுமே தப்பு!

அவர் பத்தாம் நூற்றாண்டில் சீனாவில் திரிந்த ஒரு பிட்சு. தோளில் ஒரு துணி மூட்டையோடு ஊர் ஊராகப் போனவர். சீன மொழியில் ‘புதாய்’ என்றால் துணி மூட்டை. மூட்டைச் சாமியார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஜப்பான்காரர்கள் அதே பெயரை ‘ஹோதெய்’ என்று உச்சரித்தார்கள். இனிமேல் வரப்போகிற புத்தரான மைத்ரேயரின் அவதாரம் அவர் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஆனால் கபிலவஸ்துவில் அரண்மனையை விட்டுப் போன சித்தார்த்தருக்கும் இந்தத் தொப்பைக்கும் சம்பந்தமே கிடையாது. பட்டினி கிடந்து விலா எலும்பு தெரிய உட்கார்ந்த மனிதரை இவ்வளவு குண்டாக்கி, கல்லாப்பெட்டிக்குக் காவல் வைத்த பெருமை நம்முடையது.

‘ஒரு பொம்மைக்கு என்ன பேரா இருந்தா என்னய்யா? அதுக்கு ஒரு கட்டுரையா?’ என்று சிலர் பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். கொஞ்சம் இருங்கள். இது பொம்மை விஷயம் மட்டும் இல்லை.

பி.காம். படித்தவர்களுக்கு ‘அனாமத்துக் கணக்கு’ தெரிந்திருக்கும். டிரையல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை, எங்கே தப்பு என்று தெரியவில்லை என்றால், அந்த வித்தியாசத் தொகையை அனாமத்துக் கணக்கு என்ற தலைப்பில் தூக்கிப் போட்டுவிட்டு மேலே போவோம். தற்காலிக ஏற்பாடு. தப்பைக் கண்டுபிடித்ததும் உரிய கணக்குக்கு மாற்றி, அனாமத்தை மூட வேண்டும். மூடாமல் வருஷக்கணக்கில் இழுத்தால் ஆடிட்டர் சும்மா விட மாட்டார்.

பௌத்தம் சம்பந்தப்பட்ட எதைப் பார்த்தாலும் நாம் செய்வது இதைத்தான். தெரியாத முகமா? போடு அனாமத்தில். ‘ஏதோ புத்தர்’, ‘ஏதோ சைனா சாமி’, ‘ஏதோ முனி’. பல நூறு வருஷங்களாக இந்தக் கணக்கை மூடவே இல்லை. ஆடிட்டரும் வரவில்லை.

சில மாதங்களுக்கு முன்னால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். ரிசப்ஷனில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் ஜப்பானிலிருந்து வந்தவர்கள் வெவ்வேறு சமயங்களில் கொடுத்த அன்பளிப்புகள். நடுநாயகமாக ஒரு பீங்கான் ஜாடி. தந்தத்தின் நிறம், மேலே மெல்லிய வெடிப்புக் கோடுகள், தங்கப் பூச்சு. ஜாடியைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு வழுக்கைத் தலைக் கிழவர்கள். ஒவ்வொருவர் தலைக்குப் பின்னாலும் ஒளிவட்டம். ஒருவர் கையிலிருந்த கிண்ணத்திலிருந்து ஒரு டிராகன் கிளம்பிக்கொண்டிருந்தது. நடுவில் வெள்ளை முக்காடு போட்ட ஓர் உருவம்.

‘இவங்கல்லாம் யாரு?’ என்று மேனேஜரைக் கேட்டேன். ‘ஜப்பான் கிஃப்ட் சார். ஏதோ அவங்க ஊரு சாமிங்க’ என்றார்.

பக்கத்தில் சிவப்பாக ஒரு உருண்டை பொம்மை. தருமா. ஜப்பானில் இதைக் கண் இல்லாமல்தான் விற்பார்கள். ஒரு காரியத்தைத் தொடங்கும்போது ஒரு கண்ணை வரைய வேண்டும், முடித்த பிறகு இன்னொரு கண்ணை. ஏதோ ஒரு புராஜெக்டுக்காக யாரோ ஒரு கண் வரைந்து வைத்திருக்கிறார். ‘ஒரு கண்ணு விட்டுப்போச்சுன்னு நம்ம ஹவுஸ்கீப்பிங் பையன் மார்க்கர்ல வரைஞ்சுட்டான் சார்’ என்று சிரித்தார் மேனேஜர். புராஜெக்ட் முடிந்ததா என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். எனக்கு வேடிக்கையாக இருந்தது வேறு ஒன்று. அலமாரிக்கு நேர் எதிரே, சுவரில் பெரிய எழுத்தில் ‘ஃபைவ் எஸ்’ போர்டு. செய்ரி, செய்தொன், செய்ஸோ, செய்கெத்ஸு, ஷித்ஸுகே. ஐந்து ஜப்பானிய வார்த்தைகள். கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த எந்தப் பையனை எழுப்பிக் கேட்டாலும் கடகடவென்று ஒப்பிப்பான். இரண்டாவது வார்த்தைக்கு அர்த்தம், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இடம், ஒரு அடையாளம். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனருக்குக்கூட அங்கே பெயர் எழுதி மாட்டியிருக்கிறார்கள். ஜாடியில் இருக்கும் கிழவர்களுக்குத்தான் பெயர் இல்லை.

சரி, யார் அந்தக் கிழவர்கள்?

ஜப்பானியர் ‘ரக்கான்’ என்பார்கள். சமஸ்கிருதத்தில் அர்ஹத். புத்தரின் நேர்ச் சீடர்கள், ஆசையை வென்றவர்கள். பதினாறு பேர் என்று ஒரு பட்டியல் உண்டு, ஐந்நூறு பேர் என்றும் உண்டு. கிண்ணத்திலிருந்து டிராகனைக் கிளப்புகிறவரை ஜப்பானில் ‘ஹண்டக்கா’ என்பார்கள். நம் பக்கத்துப் பெயர் பந்தகர். அவருடைய தம்பி சூளபந்தகரும் பதினாறு பேரில் ஒருவர்தான். அவர் கதை சுவாரஸ்யமானது. நாலு மாசம் முட்டி மோதியும் ஒரே ஒரு பாட்டை மனப்பாடம் செய்ய முடியாத மக்கு என்று பெயர் வாங்கியவர். புத்தர் அவர் கையில் சுத்தமான ஒரு துணியைக் கொடுத்து, அழுக்கு நீங்கட்டும் என்று சொல்லிக்கொண்டே தேய்த்துக்கொண்டிரு என்றாராம். தேய்த்தார், துணி அழுக்கானது, ஞானம் வந்தது. ஃபைவ் எஸ்-ஸில் மூன்றாவது வார்த்தைக்கு அர்த்தம் என்ன தெரியுமா? துடைத்துச் சுத்தம் செய்வது! அந்த ஹவுஸ்கீப்பிங் பையனுக்கு இதைவிடப் பொருத்தமான சாமி உண்டா? அலமாரிக்குள்ளேயே அவர் அண்ணன் இருந்தும், அறிமுகம் செய்துவைக்க ஆள் இல்லை.

பிண்டோல பாரத்வாஜர் என்று இன்னொருவர். ராஜகிருகத்து வியாபாரி ஒருவர் உயரத்தில் கட்டித் தொங்கவிட்ட சந்தனக் கிண்ணத்தை, பறந்து போய் எடுத்துவந்து வித்தை காட்டியவர். புத்தரிடம் செம திட்டு வாங்கினார். ஜப்பானில் அவர் பெயர் பின்ஸுரு. நாரா நகரின் தோதாய்ஜி கோயிலில் அவருடைய மரச்சிலை மண்டபத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது. மூட்டு வலிக்காரர் சிலையின் மூட்டைத் தடவி, தன் மூட்டைத் தடவிக்கொள்கிறார். நம் ஊர் கோயில் தூணில் செய்கிற காரியம்தான்.

ராகுலர் என்று ஒருவர். புத்தரின் சொந்த மகன். உஜியில் இருக்கும் மன்புகுஜி கோயிலில் அவருடைய சிலை தன் நெஞ்சைத் தானே பிளந்து காட்டுகிறது. உள்ளே புத்தரின் முகம். இந்தக் காட்சியை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? நம் காலண்டர்களில் அனுமார் செய்வது அதேதான்.

வெள்ளை முக்காடு போட்டவர் கன்னொன். அவலோகிதேஸ்வரர். இந்தியாவில் ஆண். சீனாவுக்குப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகப் பெண் வடிவம் எடுத்தவர். கையில் தாமரையோ, தண்ணீர்க் குடுவையோ, வில்லோ மரக் கிளையோ இருக்கும். கிரீடத்தில் குட்டியாக ஒரு புத்தர் உட்கார்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதெல்லாம் பெரிய படிப்பு என்று பயப்படாதீர்கள். வேல் இருந்தால் முருகன், வீணை இருந்தால் சரஸ்வதி, மூஞ்சூறு இருந்தால் பிள்ளையார் என்று மூன்று வயதிலேயே கண்டுபிடித்தவர்கள் நாம். கையில் என்ன, காலடியில் என்ன, தலையில் என்ன என்று பார்த்து ஆளை அடையாளம் சொல்வது நமக்குப் பால்பாடம். அதே பாடத்தை இங்கே போடுங்கள். மொட்டைத்தலை, துறவி உடை, நகை இல்லை, முகத்தில் கிழட்டுக் குறும்பு என்றால் ரக்கான். கிரீடமும் நகையும் என்றால் போதிசத்துவர். சிங்கத்தின் மேல் என்றால் மஞ்சுஸ்ரீ, யானையின் மேல் என்றால் சமந்தபத்ரர். மொட்டைத்தலையோடு வளையங்கள் கோத்த கோல் பிடித்திருந்தால் குழந்தைகளைக் காக்கும் ஜிசோ. பின்னால் தீ எரிய, வலது கையில் வாள், இடது கையில் கயிறு என்றால் ஃபுதோ. அவருக்கு சமஸ்கிருதப் பெயர் அசலர், அசையாதவர். ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிவிடலாம் இந்தப் பட்டியலை.

இப்போது குபேரன் விவகாரத்துக்கு வருவோம். ஜப்பானில் ‘ஏழு அதிர்ஷ்ட தெய்வங்கள்’ என்று ஒரு கோஷ்டி உண்டு. கிண்ணம், தட்டு, ஜாடி எல்லாவற்றிலும் புதையல் கப்பல் ஏறி வரும். ஏழு பேரில் அசல் ஜப்பான்காரர் ஒரே ஒருவர்தான். தூண்டிலும் மீனும் வைத்திருக்கும் எபிசு. மூன்று பேர் சீனாவிலிருந்து வந்தவர்கள். நம் ஹோதெய், நெடுமண்டைக்கார ஃபுகுரோகுஜு, மானோடு நிற்கும் ஜுரோஜின். மீதி மூன்று பேருக்கு வேர் இந்தியாவில். நாலு தந்தி வாத்தியத்தோடு உட்கார்ந்திருக்கும் பென்சாய்தென், நம் சரஸ்வதி. அரிசி மூட்டைமேல் நின்று சுத்தியல் பிடித்திருக்கும் தாய்கோகுதென், மகாகாளர். கவசம் போட்டு, ஒரு கையில் ஈட்டி, இன்னொரு கையில் சின்னக் கோபுரம் ஏந்திய பிஷாமொன்தென், வைஸ்ரவணர்.

வைஸ்ரவணர் என்றால் யார்? சாட்சாத் குபேரன்!

கூத்தைப் பாருங்கள். ஏழு பேர் இருக்கும் தட்டு ஒன்று நம் ஊர்க் கடைக்கு வருகிறது. அதில் நிஜக் குபேரன் ராணுவ உடையில் விறைப்பாக நிற்கிறார். அவரை யாரும் சீண்டுவதில்லை. பக்கத்தில் சிரிக்கிற சீனத்துப் பிட்சுவுக்குக் குபேரன் பட்டம் கட்டி, தொப்பையைத் தடவுகிறோம். வேறு ஆள் பெயருக்கு மணியார்டர் அனுப்பிவிட்டு, பணம் வரவில்லையே என்று போஸ்ட் ஆபீஸில் சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது.

இந்த அறியாமை ஒரு வியாதி என்றால், இதைவிட மோசமான இன்னொரு வியாதி இருக்கிறது. பெயர் தெரிந்ததும் உடனே, ‘எல்லாமே நம்மளுது சார்’ என்று கிளம்புவது.

சரஸ்வதி ஜப்பானில் இருக்கிறாளா? பார், ஜப்பானே நம்முடையது. 2011-ல் ‘ஏழாம் அறிவு’ வந்த பிறகு போதிதர்மருக்கு நாம் காஞ்சிபுரத்தில் ரேஷன் கார்டே போட்டுக் கொடுத்துவிட்டோம். சிப்காட் அலமாரியில் மார்க்கரில் கண் வாங்கிய அந்த தருமா பொம்மை சாட்சாத் போதிதர்மர்தான் என்பது மட்டும் நமக்குத் தெரியாது. அவரைப் பற்றி கி.பி. 547-ல் எழுதிய சீனக் குறிப்பு, அவர் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. இன்னொரு பழைய குறிப்பு, தென்னிந்திய மன்னர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. இரண்டிலும் காஞ்சிபுரம் என்ற பெயர் கிடையாது. அவர் நம்மவராக இருக்கலாம். இருந்தால் சந்தோஷம்தான். ஆனால் சினிமா டிக்கெட்டைக் காட்டிப் பட்டா வாங்க முடியாது.

தாய்கோகுதென் காலடியில் எலி ஓடும். குண்டு உடம்பு வேறு. ‘ஆஹா பிள்ளையார்!’ என்று குதிப்பார்கள் நம்மவர்கள். இல்லை சார், அவர் மகாகாளர். அதுவும் ஜப்பானின் ஒகுனிநுஷி என்ற உள்ளூர்த் தெய்வத்தோடு கலந்து அங்கேயே வளர்ந்தவர். பிள்ளையார் தனியாக இருக்கிறார், ‘காங்கிதென்’ என்ற பெயரில். டோக்கியோ அசாகுசாவில் அவருக்குக் கோயில் உண்டு, முள்ளங்கி படைக்கிறார்கள். ஆனால் அவர் திருவுருவத்தைப் பெரும்பாலும் மூடியே வைத்திருப்பார்கள். பூ ஜாடியில் சுலபத்தில் சிக்க மாட்டார்.

அவசரப்பட்டுப் புத்தர் என்பதும், அவசரப்பட்டு நம்ம பிள்ளையார் என்பதும் ஒரே தப்பின் இரண்டு முகம். இரண்டு பேருமே எதிரில் இருக்கிற உருவத்தைப் பார்க்கவில்லை.

பெயரை எப்படிக் காப்பாற்றுவது என்று தெரிய வேண்டுமானால் ஒரு துணியைச் சொல்கிறேன். திருவள்ளூர் மாவட்டத்துக்கும் ஜப்பானுக்கும் உறவு கார் கம்பெனிகளால் வந்தது என்று நினைக்கிறோம். 1998-ல் திருவள்ளூர் அருகே மிட்சுபிஷி லான்சர் தயாரானதும், 2016-ல் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டியில் இசுசூ ஆலை வந்ததும் நேற்றைய கதை. இதே மாவட்டத்தில், பொன்னேரிக்கு அந்தப் பக்கம், பழவேற்காடு இருக்கிறது. 1613-ல் அங்கே கெல்டிரியா கோட்டை எழுந்தது. டச்சுக் கம்பெனி அங்கிருந்து நம் நெசவாளர்கள் நெய்த துணியைக் கிழக்கே கப்பலேற்றியது. அதே கம்பெனி 1641-லிருந்து நாகசாகியின் தேஜிமா தீவில் உட்கார்ந்து வியாபாரம் செய்தது. 1650-களிலிருந்து அரிதா ஊர்ப் பீங்கானை வாங்கி உலகம் முழுக்க விற்றது. பீங்கானும் பருத்தியும் ஒரே முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் அக்கம்பக்கமாக இருந்தன.

சோழமண்டலக் கரையிலிருந்து போன கோடு போட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் ‘சந்தோமே’. எங்கேயோ கேட்ட பெயரா? நம்ம மயிலாப்பூர் சாந்தோம்தான்! பிற்பாடு அந்தத் துணியைத் தங்கள் ஊரிலேயே நெய்யக் கற்றுக்கொண்டார்கள். அப்போதும் பெயரை மாற்றவில்லை. யாரிடமிருந்து வந்ததோ அந்த ஊர்ப் பெயரைச் சரக்கின் மேல் விட்டுவைத்தார்கள். இன்றைக்கும் ஜப்பானியக் கல்லறைகளில் நடும் மரப்பலகைகளில் சித்தம் என்ற பழைய இந்திய லிபியில் எழுதுகிறார்கள். நாம் அந்த லிபியை எப்போதோ மறந்துவிட்டோம். அவர்கள் ஒரு கோடு போட்ட துணிக்குக் காட்டிய மரியாதையை நாம் நம் மண்ணில் கிடைக்கும் கற்சிலைகளுக்குக்கூடக் காட்டவில்லை. விஷயம் இனிமேல்தான் சீரியஸ் ஆகிறது.

சேலம் பெரியேரியில் ஒரு கோயில். சாமி பெயர் தலைவெட்டி முனியப்பன். உடலிலிருந்து துண்டான தலையைத் திரும்ப ஒட்டி வைத்த கற்சிலை, அதனால் அந்தப் பெயர். இது புத்தர் என்று 2011-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். தொல்லியல் துறை பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். போய்ப் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? மேலே சொன்ன பால்பாடத்தைத்தான். கால்கள் எப்படி மடிந்திருக்கின்றன, கைகள் மடியில் தியான முத்திரையில் இருக்கின்றனவா, தலைமுடி சுருளா, உச்சியில் கொண்டை மாதிரி மேடு உண்டா, காது நீண்டு தொங்குகிறதா என்று பார்த்தார்கள். புத்தர் என்று எழுதிக் கொடுத்தார்கள். 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. சிலை புத்தருடையதே, தவறான அடையாளம் தொடரக் கூடாது, தொல்லியல் துறை பொறுப்பேற்க வேண்டும், பூஜைகள் கூடாது என்றது நீதிமன்றம். கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டிய ஒரு பெயரை வாங்க, பதினோரு வருஷ கோர்ட்!

‘முனியப்பன்னு கும்பிட்டவங்க மனசு புண்படாதா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர்கள் கும்பிட்டதால்தான் அந்தச் சிலை தப்பித்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஜப்பானில் கிறிஸ்தவ மதம் தடை செய்யப்பட்டிருந்த காலத்தில், ஒளிந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் வெள்ளைப் பீங்கான் கன்னொன் பொம்மையைத்தான் மேரி மாதாவாக வைத்துக் கும்பிட்டார்கள். அது தப்பான பெயர் இல்லை. உயிரைக் காப்பாற்றிய மாற்றுப் பெயர். உள்ளே யார் என்று அவர்களுக்குத் தெரியும், குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நம் ஊரில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் கோபம் விளக்கேற்றிய பாட்டியின் மேல் இல்லை. அந்த வழியாக தினமும் பைக்கில் போய், மண்டையில் பட்டம் சுமந்துகொண்டு, ‘ஏதோ முனி’ என்று தாண்டிப் போன நம்மைப் போன்ற ஆட்கள் மேல்தான்.

சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். அதே 1898-ல் உ.வே.சா. மணிமேகலையை அச்சில் கொண்டுவந்தார். தமிழில் பௌத்தக் கலைச்சொல் தெரிந்தவர் அருகிப்போன நிலையில், விளக்கம் கேட்டு அலைந்து எழுதினார். மயிலை சீனி. வேங்கடசாமி 1940-ல் ‘பௌத்தமும் தமிழும்’ எழுதி, எந்தெந்த ஊரில் புத்தர் என்னென்ன பெயரில் உட்கார்ந்திருக்கிறார் என்று பட்டியலே போட்டார். நாகப்பட்டினத்தில் 1856-லிருந்து 1934 வரை ஏறக்குறைய 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வந்தன. எல்லாம் இருந்தும், இன்றைக்கு ஒரு சராசரி சென்னைக்காரரிடம் தமிழ்நாட்டில் பௌத்தம் பற்றிக் கேட்டால் பதில் மௌனம், அல்லது சூர்யா.

பொத்தாம்பொதுவாக ‘நம்ம புத்தர்’ என்று மார்தட்டாமல், ஒரே ஓர் உருவத்தின் பெயரைச் சரியாகப் பிடித்துக்கொண்டு போனால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு, அந்த ஜாடியில் இருந்த வெள்ளை முக்காட்டுக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்னொன் என்று தெரிந்தது. கன்னொன் என்றால் அவலோகிதர். பதினோராம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், புத்தமித்திரர் எழுதிய தமிழ் இலக்கணமான வீரசோழியத்தைத் திறங்கள். அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவரே அவலோகிதர்தான் என்கிறது! அதாவது, நம் முன்னோர்களில் ஒரு சாராரின் நம்பிக்கைப்படி, ரிசப்ஷனில் தூசி படிந்து நின்றவர் தமிழுக்கே வாத்தியார். அவலோகிதர் வசிக்கும் போதலக மலை நம் பொதிகைதான் என்று ஷு ஹிகோசாகா என்ற ஜப்பானிய ஆய்வாளர் வாதாடியிருக்கிறார். தமிழகப் பௌத்தம் பற்றிய அவரது புத்தகத்தைச் சென்னை ஆசியவியல் நிறுவனம் 1989-ல் வெளியிட்டது. அவர் ஜப்பானிலிருந்து வந்து தமிழ் படித்து, நம் மலையைத் தேடுகிறார். நாம் அவர்கள் ஜாடியைத் துடைக்கக்கூட இல்லை.

சரி, திட்டியது போதும். என்ன செய்யலாம்?

கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜப்பானியர் உங்களுக்குக் கொடுத்த பொருளின் கீழே ஒரு சின்ன அட்டை வையுங்கள். தமிழில். ஊர், வகை, யார் யார் என்று. தெரியவில்லையா? கொடுத்தவரையே கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார். ஸ்பேனருக்கு வைத்த லேபிளை சரஸ்வதிக்கும் வைப்பதில் ஒன்றும் செலவு இல்லை.

வாத்தியார்களுக்கு. கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் சென்ட்ரலுக்குப் புறநகர் ரயில் ஓடுகிறது. அங்கிருந்து எழும்பூர் அருங்காட்சியகம் கூப்பிடு தூரம். நாகப்பட்டினத்துச் செப்புத் திருமேனிகள் அங்கே இருக்கின்றன. தலை உச்சியில் தீச்சுடர் எழும்பும் புத்தரைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ‘இது புத்தர்’ என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். எப்படித் தெரியும் என்று அவர்களைக் கேளுங்கள். கையைப் பார், காதைப் பார், தலையைப் பார் என்று சொல்லுங்கள். அருங்காட்சியகத்தாருக்கும் ஒரு வார்த்தை. வெறும் பெயரும் நூற்றாண்டும் எழுதினால் போதாது. எந்த அடையாளத்தை வைத்து அந்தப் பெயர் என்பதையும் இரண்டு வரி தமிழில் எழுதி வையுங்கள்.

கடைசியாக, இந்த வட்டாரத்தில் மண்ணைத் தோண்டுகிறவர்களுக்கு. பூண்டி பக்கம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல் கருவிகள் சிலவற்றுக்கு 3,85,000 வருஷ வயது என்று 2018-ல் உலகப் புகழ்பெற்ற அறிவியல் இதழில் எழுதினார்கள். சாதாரண மண் இல்லை இது. ஷெட் போடவும், சாலை போடவும், ஏரி மண் எடுக்கவும் இந்த மாவட்டத்தில் பொக்லைன்கள் ஓய்வதில்லை. என்றைக்காவது ஒருநாள் அதன் பல்லில் ஒரு கல் தட்டும். கல்லுக்கு முகம் இருக்கும். அந்த நிமிஷத்தில் அங்கே நிற்கிற டிரைவருக்கும் மேஸ்திரிக்கும் கான்ட்ராக்டருக்கும் என்ன தெரியும் என்பதைப் பொறுத்துத்தான் அந்த முகத்தின் கதி. ஒன்று லாரியில் ஏறி எங்கேயோ போகும், அல்லது வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசி இன்னொரு முனி ஆகும். அனாமத்தில் இன்னொரு வரவு.

மண்ணுக்கு அடியில் கிடைக்கும் பழம்பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் உள்ளது என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். புதையல் சட்டம். இது தெரியாமல் குழி தோண்டுகிற சைட்டுகள்தான் அதிகம். பாதுகாப்புக்காக ‘ஹெல்மெட் அணியவும்’ என்று போர்டு மாட்டுகிறீர்களே, அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதுங்கள். ‘சிலையோ செதுக்கிய கல்லோ தென்பட்டால் பொக்லைனை நிறுத்தவும், கிடைத்த இடத்திலிருந்து நகர்த்த வேண்டாம், வி.ஏ.ஓ.வுக்கும் தாசில்தாருக்கும் உடனே சொல்லவும்.’

போன் நம்பரையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.